கொம்பி வானை முன்பக்கம் இறக்கினாப் பிறகு பிரேக் ஹோஸ்: கட்டி விடுறதா, கட்டையாக்கிறதா, பிராக்கெட்டை மாத்துறதா?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் தன்ர ஃபொக்ஸ்வாகன் கொம்பி வானைக் கொண்டுவந்து வெள்ளவத்தையில எங்கட ஒழுங்கைக்குள்ள நிப்பாட்டினான். 1973 மொடல், முன்பக்கம் ரெண்டு இஞ்சி இறக்கி, பாக்கவே ஆசையா இருந்தது. ஆனா இறங்கின உடனயே "மாமா, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுக்கொண்டு பள்ளத்தில இறங்கினா இடப்பக்கம் சர்ரெண்டு ஒரு சத்தம் வருது, கராஜ்ல கேட்டா டயர் எங்கயோ லேசா முட்டுது, ஓட ஓட சரியாகிடும் எண்டுறாங்க" எண்டான். சாக்கை விரிச்சுக் கீழ படுத்து டோர்ச் அடிச்சுப் பாத்தன். டயர் முட்டினது பிரேக் ஹோஸ்ல. ஹோஸை ஷொக் அப்சோர்பரோட சேத்து ஒரு வெள்ளைக் கேபிள் டை போட்டு இறுக்கியிருந்தாங்க, அந்த டைக்கு ரெண்டு விரல்கடை கீழ ஹோஸ் வளைஞ்சு வெளிய தள்ளிக்கொண்டு நிக்குது, அந்த வளைவில பெருவிரல் நகமளவு இடத்தில மேல் ரப்பர் கண்ணாடி மாதிரி மினுங்கித் தேஞ்சு, நடுவில உள்ளுக்கு இருக்கிற நூல் பின்னல் சாம்பல் நிறத்தில தெரியுது. அவன் அந்த வானில பிள்ளைகளை ஏத்திக்கொண்டு தெஹிவளையில இருந்து வந்திருக்கிறான்.

அண்டைக்கு வானைத் திருப்பி அனுப்பேல்ல. அதுக்குப் பிறகு ரெண்டு கிழமையா இதே கதைதான், அவனும் நானும் கண்டவங்களையும் கேட்டு, ஆளுக்கொரு விதமாச் சொன்னதை எல்லாம் வானுக்குக் கீழ படுத்துப் படுத்துச் சரிபாத்தம். என்ர சொந்தக் கொம்பியும் இறக்கினதுதான், ஆனா இறக்கின முறை வேற. ரெண்டு வானுக்கும் ஒரே வருத்தம், மருந்து மட்டும் வேற வேற எண்டு அப்பத்தான் வடிவா விளங்கிச்சு, அதைத்தான் இதில எழுதுறன்.

முதல்ல ஹோஸ் எண்டது என்ன. சேஸி பக்கம் இருந்து வாற இரும்பு பைப் ஆடாது, சில்லு மேலயும் கீழயும் ஆடும், இடமும் வலமும் திரும்பும், அந்த ரெண்டுக்கும் நடுவில இருக்கிற ஒரே வளையிற துண்டு இந்த ஹோஸ்தான். உள்ளுக்கு ஒரு ரப்பர் குழாய், அதைச் சுத்தி நூல் பின்னல், அதுக்கு மேல ஒரு ரப்பர் தோல். அழுத்தத்தைத் தாங்குறது நடுவில இருக்கிற பின்னல், மேல் தோல் அந்தப் பின்னலைத் தண்ணியில இருந்தும் மண்ணில இருந்தும் காப்பாத்துறதுக்கு. அமெரிக்கத் தரம் எஃப்எம்விஎஸ்எஸ் 106 எண்டு ஒண்டு இருக்கு, அதின்படி ஒரு ஹோஸ் 4,000 பிஎஸ்ஐ அழுத்தத்தை ரெண்டு நிமிஷம் ஒழுகாமத் தாங்க வேணும், ஆட்டுற மெஷின்ல 35 மணித்தியாலம் விடாம ஆட்டினாலும் வெடிக்கக் கூடாது. அவ்வளவு பலமான சாமான். ஆனா ஓடுற டயர் ஒரே இடத்தில உரசுறதைத் தாங்க எண்டு ஒரு ஹோஸையும் செய்யுறேல்ல. பின்னல் வெளிய தெரிஞ்சா அந்த ஹோஸ் முடிஞ்சுது, டேப் சுத்துறது, டியூப் வெட்டி மேல மாட்டுறது எல்லாம் உள்ளுக்கு நடக்கிறதை மறைக்கத்தான் உதவும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன். கொம்பியில முன்பக்கம் காயில் ஸ்பிரிங் இல்ல, குறுக்க ரெண்டு குழாய் போகும், பீம் எண்டுறது அதைத்தான், அதுக்குள்ள தகடு தகடா முறுகி வேலை செய்யிற டோர்ஷன் ஸ்பிரிங், அதில இருந்து பின்பக்கம் பாத்த மாதிரி ஆர்ம்கள் வந்து சில்லைப் பிடிக்கும். இதை இறக்க சாதாரணமா ரெண்டு வழி. ஒண்டு, அந்தக் குழாய் நடுவில வெட்டி அட்ஜஸ்டர் வெல்ட் பண்ணுறது, அதைத் திருப்பினா ஸ்பிரிங் பிடிச்ச இடம் திரும்பி ஆர்ம் மேல ஏறி நிக்கும், வான் பதியும். மருமகன்ர வான் இது. மற்றது ட்ரொப் ஸ்பிண்டில், ஆர்ம் பழைய இடத்திலயே நிக்கும், ஆனா சில்லு பிடிக்கிற அச்சு ரெண்டரை இஞ்சி மட்டில மேல தூக்கிச் செஞ்சிருக்கிற ஸ்பிண்டிலை மாட்டுறது. என்ர வான் இது.

ரெண்டிலயும் சில்லுப் பக்க ஹோஸ் முனை சேஸியோட ஒப்பிட்டா முந்தியை விட மேல ஏறிடும், அதால நிக்கிற நிலையில ஹோஸ் மிச்சமாப் போய் தொங்கும். கனபேர் இதைக் கண்ட உடன "ஹோஸ் நீளம் கூடிப் போச்சு, கட்டை ஹோஸ் போடுவம்" எண்டுறாங்க. இங்கதான் கவனமா யோசிக்க வேணும். அட்ஜஸ்டர் போட்ட வானில ஆர்ம் ஆடுற எல்லை பெருசா மாறேல்ல, மேல ஆர்ம் முட்டி நிக்கிற பம்ப் ஸ்டொப்பர் பழைய இடத்தில, கீழ ஷொக் விரியிற அளவும் பழைய அளவு, மாறினது நடுவில அது வந்து நிக்கிற இடம் மட்டும்தான். ஸ்பிரிங் முன்னமே தளர்ந்திடுற அளவுக்கு நல்லா இறக்கியிருந்தா கொஞ்சம் குறைவாத் தொங்கலாம், ஆனா அதை நம்பி ஹோஸ் வெட்ட ஏலாது, ஏனெண்டா அட்ஜஸ்டர் எண்டதே நாளைக்குத் திருப்பி ஏத்துறதுக்கும்தான். ஸ்பிண்டில் வானில அப்படி இல்ல. அங்க ஆர்ம் எங்க நிண்டாலும் ஹோஸ் முனை எப்பவுமே ரெண்டரை இஞ்சி மேலதான், உச்சியிலயும் மேல, அடியிலயும் மேல. அதாவது எல்லையே முழுசா மேல நகந்திட்டுது.

இந்த வித்தியாசத்தைப் பிடிச்சுக்கொண்டா மிச்சம் எல்லாம் தானா விளங்கும்.

சரி, ஒவ்வொரு வழியாப் பாப்பம். கேபிள் டை கட்டுறது முதலாவது, ஏனெண்டா கொழும்பில அதிகம் நடக்கிறது அதுதான், காசும் இல்ல நேரமும் இல்ல. ஹோஸை நடுவில எங்கயாவது கட்டினா ஆடுற நீளம் பாதியாகுது, முழு ஹோஸும் பங்கிட்டு வளையிற வளைவை அந்தப் பாதி மட்டும் வளைய வேண்டியிருக்கு, கட்டின இடத்தில டை ரப்பரை அறுக்கும், மருமகன்ர வானில நடந்த மாதிரி மிச்சப் பகுதி இன்னும் கூட வெளிய தள்ளும். ஷொக்கோட கட்டுறது அதிலயும் மோசம், ஷொக்கும் ஆடுற சாமான். சில வாகனங்களில கொம்பனியே நடுவில ரப்பர் வளையத்தோட ஒரு பிடி குடுத்திருக்கும், அது வேற, அது அளந்து வச்ச இடம். டையை நான் ஒரு தெரிவாவே எடுக்கிறேல்ல.

ரெண்டாவது கட்டை ஹோஸ். வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய் பழைய ஹோஸைக் காட்டி "இதிலயே ரெண்டு இஞ்சி குறைய வேணும்" எண்டு கேட்டா ஏதாவது ஒரு ஜப்பான் வானின்ர ஹோஸை எடுத்துத் தருவாங்க, கையால திருகிப் பாத்தா நல்லாப் போகும். போகத்தான் செய்யும், ரெண்டுக்கும் மரை 10 மில்லிமீற்றர், பிட்ச் 1.0. ஆனா உள்ளுக்கு பைப் முனை வந்து குந்துற இடம் ஒண்டில்ல. ஃபொக்ஸ்வாகன் பைப் முனை குமிழ் மாதிரி வெளிய உருண்டிருக்கும், ஜப்பான்காரன்ர பைப் முனை உள்ளுக்கு மடிச்சு புனல் மாதிரி இருக்கும். மரை இறுகும், முனை சரியாக் குந்தாது, முதல் நாள் ஒழுகாது, பிறகு ஒழுகுதெண்டு இன்னும் இறுக்க முனை நசியும். இது ஹோஸ் எடுக்கேக்க மட்டுமில்ல, புது பைப் அடிக்கேக்கயும் வரும், இங்க முக்கால்வாசி கராஜ்ல கைப் பழக்கம் ஜப்பான் ஃப்ளேர், அதாவது அந்தப் புனல் முனைதான், அதால உங்கட பழைய பைப் முனையைக் கையில குடுத்து "இதே மாதிரி குமிழ்" எண்டு காட்டி அடிப்பிக்க வேணும். நட்டைப் பாத்தாலும் ஒரு அடையாளம் இருக்கு, ஜெர்மன் நட்டுக்கு சாதாரணமா 11 ஸ்பனர், ஜப்பான் நட்டுக்கு 10.

முனை சரியான கட்டை ஹோஸே கிடைச்சாலும், அட்ஜஸ்டர் வானுக்கு அது கூடாது. ரோட்டில நிக்கேக்க பொருத்தமா இருக்கும், பாக்க வடிவா இருக்கும், ஒரு நாள் பஞ்சர் ஆகி வழியில ஜக் போட்டுத் தூக்குவீங்க, சில்லு தொங்கும், ஹோஸ் கம்பி மாதிரி இழுபடும். அந்த நேரம் பாத்து யாராவது ஸ்டியரிங்கைத் திருப்பினா இன்னும் இழுபடும். உடன வெடிக்காது, முனையில இரும்புக் குப்பி பிடிச்ச இடத்தில உள் ரப்பர் கொஞ்சம் கொஞ்சமா கிழியும். உள்ளுக்குக் கிழிஞ்ச தோல் ஒரு மூடி மாதிரி வேலை செய்யத் தொடங்கினா பெடலை மிதிக்க ஒயில் போகும், விட்டாத் திரும்பி வராது, பிரேக் பிடிச்சபடி ஓடும், ஒரு பக்கம் இழுக்கும், ஆக்கள் டிஸ்க்கை அமுக்கிப் பிடிக்கிற கலிப்பரைக் கழட்டிக் கழட்டிப் பாத்துக்கொண்டு இருப்பாங்க. ஸ்பிண்டில் வானுக்கு மட்டும் கட்டை ஹோஸ் நியாயமான வழி, அங்க எல்லையே மேல போனபடியா. அதுவும் தொங்கவிட்டு அளந்துதான், கண்ணால பாத்து இல்ல.

மூண்டாவது, ஸ்டீல் பின்னல் ஹோஸ். பெடல் கொஞ்சம் இறுக்கமா இருக்கும், ரப்பர் மாதிரி ஊதாது, தேவையான நீளத்துக்கு தேவையான முனையோட செய்விச்சு எடுக்கலாம், அது பெரிய வசதி. ஆனா ரெண்டு விஷயம் இருக்கு. ஸ்டீல் பின்னல் தான் தேயாது, தான் உரசுறதை அறுக்கும், பீமையும் அறுக்கும், டயரையும் அறுக்கும், அதால மேல பிளாஸ்டிக் உறை போட்டது மட்டும்தான் எடுக்க வேணும். உள்ளுக்கு இருக்கிறது டெஃப்லோன் குழாய், ஒருக்கா மடிஞ்சு முறிஞ்சா பிறகு நேராக்க ஏலாது, மாத்தத்தான் வேணும், வெளியில இருந்து பாத்தும் தெரியாது. எண்டபடியா இடம் நெருக்கமான வளைவுக்கு இது ரப்பரை விட மோசம். டயர் உரசுற பிரச்சினைக்கு ஸ்டீல் ஹோஸை மருந்தா நினைச்சு வாங்குறவங்களைக் கண்டிருக்கிறன், வழியை மாத்தாம ஹோஸை மட்டும் மாத்தினா உரசுற சாமான் மாறினது மட்டும்தான்.

இதோட ஒண்டு கட்டாயம் சொல்ல வேணும், ஏனெண்டா மருமகனுக்கே ஒருத்தர் இந்த ஐடியா குடுத்தவர். ஜேசிபிக்கும் ஃபோக்லிஃப்டுக்கும் ஹைட்ரோலிக் ஹோஸ் அமுக்கித் தாற கடைகள் இருக்குதானே, அங்க குடுத்தா எந்த நீளத்திலயும் அரை மணித்தியாலத்தில செஞ்சு தருவாங்க, அழுத்தம் எல்லாம் பிரேக்கை விடக் கூடவே தாங்கும். தயவுசெய்து செய்யாதீங்க. அந்த ஹோஸ்ல சாதாரணமா உள்ளுக்கு இருக்கிறது நைட்ரைல் ரப்பர், அது கனிய எண்ணெய்க்கு. நாங்க ஊத்துற டொட் 3, டொட் 4 பிரேக் ஒயில் கிளைகோல் வகை, அது நைட்ரைலை ஊதப் பண்ணிக் கெடுத்திடும். பிரேக் ஹோஸ் உள் ரப்பர் ஈபிடிஎம், அது பிரேக் ஒயிலுக்கு நல்லது, ஆனா கிறீஸும் இன்ஜின் ஒயிலும் பட்டா ஊதும். இந்த ரெண்டாவது பாதியும் கொம்பிக்காரருக்கு முக்கியம், முன் பீம்ல கிறீஸ் நிப்பிள் இருக்கு, பம்ப் பண்ணினா முனையால பிதுங்கி வழியும், ஹோஸின்ர புது வழி அந்த வழிசலுக்குக் கீழ போகக் கூடாது, கிறீஸ் கன்னை மாட்ட ஏலாத மாதிரி நிப்பிளை மறைக்கவும் கூடாது.

நாலாவது, என்ர மனசுக்கு முதலாவது, சேஸிப் பக்க முனையை மாத்துறது. இதில சின்ன வேலை ஒண்டு, பெரிய வேலை ஒண்டு.

சின்ன வேலை: ஹோஸும் பழையது அல்லது அதே அளவில புதுசு, முனையைச் சேஸிப் பக்கம் பிடிச்சிருக்கிற பிராக்கெட்டும் அதே இடம், ஆனா முனை பாக்கிற திசையைத் திருப்புறது. ஹோஸ் மிச்சமா இருக்கிறது பிழை இல்ல, அந்த மிச்சம் எந்தப் பக்கம் போய் வளையுது எண்டதுதான் கேள்வி. முனை வெளிப்பக்கம் பாத்தா மிச்சம் டயருக்குப் போகும், முனையைக் கொஞ்சம் பின்பக்கமாவும் உள்பக்கமாவும் திருப்பினா அதே மிச்சம் டயரை விட்டு விலகி வளையும். பிராக்கெட் ஓட்டை வட்டமா இல்லாம முனை சுழலாத மாதிரி வெட்டியிருக்கும், அதால நினைச்சபடி திருப்ப ஏலாது, பிராக்கெட்டையே கொஞ்சம் வளைக்கலாம், இல்லாட்டி ஒரு துண்டுத் தகடு செஞ்சு மாட்டலாம். ஹோஸை முறுக்கி வளைவை மாத்துறது எண்டது வேலையே இல்ல. கன ஹோஸ்ல நீளத்துக்கு ரெண்டு கோடு ஓடும், எதிரெதிர்ப் பக்கம், அது அழகுக்குப் போட்டதில்ல, பூட்டினாப் பிறகு அந்தக் கோடு திருகுச் சுருள் மாதிரி சுத்திப் போகுதெண்டா ஹோஸ் முறுகியிருக்கு எண்டு அர்த்தம். கோடு இல்லாட்டி வெள்ளைப் பெயின்ட் பேனையால நீங்களே ஒரு கோடு போட்டுட்டுப் பூட்டுங்க.

பெரிய வேலை: பிராக்கெட்டை மேல நகத்துறது. ஸ்பிண்டில் வானுக்கு இது அச்சொட்டான கணக்கு. சில்லு, டயர், கலிப்பர், ஹோஸ் முனை எல்லாம் ரெண்டரை இஞ்சி மேல போயிட்டுது, பிராக்கெட்டும் அதே ரெண்டரை இஞ்சி மேல போனா பழைய ஹோஸுக்கு ஒண்டுமே மாறேல்ல, ஃபெக்டரில எஞ்சினியர்மார் எப்படி வச்சாங்களோ அதே உறவு திரும்பி வந்திடும். இந்த ஒண்டை யோசிச்சுப் பிடிச்ச அண்டைக்கு எனக்கு வந்த சந்தோஷம் பெரிசு, ஏனெண்டா கட்டை ஹோஸும் தேவையில்ல, ஸ்டீல் ஹோஸும் தேவையில்ல, நாளைக்கு வழியில ஹோஸ் பழுதானாலும் சாதாரண கொம்பி ஹோஸே போடலாம். செஞ்ச விதம் இதுதான்: 3 மில்லிமீற்றர் தகடு, பழைய பிராக்கெட்டில ரெண்டு போல்ட், ஒரு போல்ட் போட்டா சுழலும், தகட்டின்ர மேல் முனையில ஹோஸுக்கு ஓட்டை, பழைய ஓட்டை மாதிரியே ஒரு பக்கம் தட்டையா அரம் போட்டு வெட்டினது, பழைய கிளிப். பீம் குழாயில வெல்ட் பண்ண விடேல்ல, உள்ளுக்கு ஆர்ம் ஓடுற பெயாரிங்கும் புஷ்ஷும் கிறீஸும் இருக்கு, சூடு போனா அதுவும் போகும்.

இதுக்கு இரும்பு பைப்பும் புதுசா வளைக்க வேணும், அதுதான் இந்த வழியின்ர செலவு. பழைய பைப்பை ரெண்டரை இஞ்சி இழுக்க ஏலாது. கடற்கரைப் பக்கம் இருக்கிற எங்களுக்கு அது நல்லதும்கூட, 50 வருஷப் பைப், வெள்ளவத்தை உப்புக் காத்து, நட்டுக்குப் பின்னால எப்பவும் துருதான். நிக்கல் கலந்த செம்பு பைப் எடுங்க, 90 வீதம் செம்பு 10 வீதம் நிக்கல், 4.75 மில்லிமீற்றர், கையாலயே வளையும், துருப்பிடிக்காது. வெறும் செம்பு பைப் வேண்டாம், அதிர்ந்து அதிர்ந்து இறுகி வெடிக்கும். பழைய பைப்பில நடுவில வெட்டி வளையம் போட்டு இறுக்கிற கம்ப்ரெஷன் ஜொயின்ட் போடுறதெண்டா இந்த வேலையே செய்ய வேண்டாம், அது தண்ணிப் பைப்புக்கு, பிரேக்குக்கு இல்ல.

அஞ்சாவதா ஒண்டு, ஆக்கள் கேக்க விரும்பாதது, வானை ஒரு இஞ்சி திருப்பி ஏத்துறது. அட்ஜஸ்டர் வானுக்கு அது அரை நாள் வேலை, வீல் அலைன்மென்டோட. அகலமான டயரும் உள்ளுக்குத் தள்ளின ரிம்மும் போட்டிருந்தா முதல் குற்றவாளி ஹோஸ் இல்ல, அந்த ரிம்தான், பழைய ரிம் ஒண்டை மாட்டிப் பாத்தா பத்து நிமிஷத்தில தெரிஞ்சிடும். பீமை ஒடுக்கமா வெட்டினவங்களுக்கு இதில ஒண்டும் அப்படியே பொருந்தாது, அங்க சில்லு உள்ளுக்கு வந்து எல்லா அளவும் மாறியிருக்கும், முதல்ல இருந்து அளக்க வேணும்.

அளக்கிறது எப்படி. ஹோஸைக் கழட்ட முதல் டயரின்ர உள் சுவரில, மேல பாதி முழுக்க, பள்ளிக்கூடச் சோக்கை நல்லா அழுத்திப் பூசுங்க. ஒழுங்கையில மெதுவா முழு ஒடிப்பில இடம் ஒருக்கா வலம் ஒருக்கா சுத்துங்க. பிறகு ஒரு முன் சில்லை மட்டும் தடிச்ச பலகை மேல ஏத்தி நிப்பாட்டி திரும்பவும் ஒடிச்சுப் பாருங்க, மற்றப் பக்கமும் அப்படியே. ஹோஸ்ல வெள்ளை பட்டிருந்தா படுற இடம் எது எண்டு மில்லிமீற்றர் கணக்கில தெரியும். நேரான ரோட்டில இது ஒருநாளும் தெரியாது, காலி வீதியில கிழமைக்கணக்கா ஓடினாலும் ஹோஸ் டயரைக் காணாது. ரம்பொடை வளைவில, கடுகண்ணாவ இறக்கத்தில, ஸ்டியரிங் ஒடிச்சு வான் சாய்ஞ்சு வெளிப்பக்கச் சில்லு மேல அமுங்கி, அதே நேரம் பிரேக்கும் மிதிச்சபடி இருக்கிற அந்தச் சில செக்கன்தான் ஹோஸ் டயரில படுற நேரம், அழுத்தம் உச்சத்தில இருக்கிறதும் அதே நேரம்.

பிறகு முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டான்டில வச்சு, ஜக்கை மட்டும் நம்பி உள்ள போகாதீங்க, ரெண்டு சில்லையும் தொங்க விட்டு, கட்டுக்கம்பி ஒண்டை ஹோஸ் போற வழியில பிடிச்சு நேரா, முழு இடம், முழு வலம் எண்டு மூண்டு நிலையிலயும் நீளம் எடுங்க. அதில ஆகக் கூடினது எதுவோ அதை விட ஹோஸ் கொஞ்சமாவது தளர்வா இருக்க வேணும், நான் ரெண்டு சென்ரிமீற்றர் வைக்கிறன். அட்ஜஸ்டர் வான் எண்டா ஆக உயரமா ஏத்தக்கூடிய இடத்தில வச்சு இதை அளக்க வேணும், இப்ப நிக்கிற உயரத்தில இல்ல. தொங்கிற நிலைதான் நீளத்தை முடிவு செய்யும், அமுங்கிற நிலை வழியை முடிவு செய்யும், இதை மாத்தி யோசிச்சவங்கதான் கட்டை ஹோஸுக்குப் போறாங்க.

மருமகன்ர வானில கடைசியில செஞ்சது சின்ன வேலைதான். ரெண்டு பக்கமும் அதே நீளத்தில புது ரப்பர் ஹோஸ், ஒரு பக்கம் மட்டும் புதுசு போடேல்ல, பிராக்கெட்டுக்கு எல் வடிவத் தகடு ஒண்டு, முனை இருபத்தைஞ்சு பாகை மட்டில உள்ளுக்குத் திரும்பிப் பின்பக்கம் பாக்குது. எங்களுக்கு இந்த வேலை செஞ்சு தந்த பாஸ் மலைநாட்டுப் பக்கத்து ஆள், "அண்ணே, ஹோஸ் தான் போற வழியைத் தானே காட்டும், நம்ம புடிச்சுத் தள்ளக்கூடாது" எண்டு சொல்லிக்கொண்டு முனையைக் கையால லேசாப் பிடிச்சு, சில்லை நான் மேல கீழ ஆட்ட ஆட்ட, எந்தத் திசையில ஹோஸ் தன்ர பாட்டுக்கு அமைதியா வளையுதோ அங்க தகட்டில கீறிக் குறிச்சார். புரொட்ராக்டர் ஒண்டும் இல்ல. பிறகு நான் அளந்தாத்தான் அந்த இருபத்தைஞ்சு வந்தது.

பிரேக் ஒயில் டொட் 4 புதுசு, சீல் உடைக்காத போத்தல். தண்ணி இழுக்காத புது நிலையில 230 பாகை செல்சியஸுக்குக் குறையாமக் கொதிக்க வேண்டியது, தண்ணி இழுத்தாப் பிறகு 155 வரைக்கும் இறங்கலாம், எங்கட ஊர் ஈரப்பதத்தில திறந்து வச்ச பாதிப் போத்தலை மலையிறக்கத்துக்கு நம்பி ஊத்த ஏலாது. காத்து எடுக்கேக்க மாஸ்டர் சிலிண்டருக்கு ஆகத் தூரமான சில்லில தொடங்கினம், அவன் பெடலை மிதிக்க நான் காத்து எடுக்கிற நிப்பிளைத் திறக்க. முடிஞ்ச உடன அஞ்சு நிமிஷம் பெடலைப் பலமா மிதிச்சுப் பிடிக்கச் சொல்லிட்டு ஒவ்வொரு முனையையும் காஞ்ச வெள்ளைத் துணியால சுத்தித் துடைச்சுப் பாத்தன். வலப்பக்கம் ஒரு நட்டில துணி நனைஞ்சுது. அது ஜப்பான் ஃப்ளேர் அடிச்ச பழைய துண்டு, முந்தி யாரோ மாத்தியிருக்கிறாங்க, திரும்பக் கழட்டி குமிழ் முனை அடிப்பிச்சுப் போட்டாப் பிறகுதான் காஞ்சுது.

போன வெள்ளிக்கிழமை அவன் குடும்பத்தோட நுவரெலியா போய், ரம்பொடைப் பக்கமா இறங்கி ஞாயிறு பின்னேரம் வந்தான். போக முதல் ரெண்டு ஹோஸ்லயும் டயர்ப் பக்கம் பாக்கிற இடத்தில சோக்குத் தூளைக் கொஞ்சம் தண்ணியில குழைச்சுப் பூசி விட்டிருந்தன். இடப்பக்கம் பூசினபடியே காய்ஞ்சு இருக்குது, ஒரு கீறல் இல்ல. வலப்பக்கம் கீழ் முனைக்குக் கிட்ட மெல்லிசா ஒரு இடம் அழிஞ்சிருக்கு, ரப்பர்ல ஒண்டும் இல்ல, ஆனா அழிஞ்சிருக்கு. வாற சனிக்கிழமை அந்தத் தகட்டை இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு வளைச்சிட்டுத் திரும்பச் சோக்குப் பூசுறம், அதுவரைக்கும் வான் எங்கட ஒழுங்கையிலதான் நிக்குது.